அடுப்பங்கரைச் சுவரில் கமா

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில், எங்கள் வீட்டில் ஆங்கில எழுத்தே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். ஈப்போவில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர், வேலை போய், சிலிபின் பகுதியில் எங்கள் வீட்டின் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் பள்ளிப் புத்தகங்களை அவரே அடுப்பில் வைத்தார்.

அக்கா அழவில்லை. கமா, முற்றுப்புள்ளி போடுவதில் வகுப்பில் அவளை மிஞ்ச ஆளில்லையாம். மறுபடி பள்ளி திறப்பதற்குள் எல்லாம் மறந்துபோகுமே என்பதுதான் அவள் கவலை. "எழுத்துதானே கூடாதுன்னாரு? புள்ளியும் கொக்கியும் எழுத்தா?" என்று ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆங்கில வாக்கியத்தை என் காதோரம் மெல்லச் சொல்வாள். நான் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் குறிகளை மட்டும் போட வேண்டும். முடிகிற இடத்தில் புள்ளி, கேள்வியானால் கொக்கி. கமாவில்தான் தகராறு. அவள் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் போட்டுவிடுவேன். "ஓடி வந்த நாய் மாதிரி எளைக்காத. அர்த்தம் பிரியுற எடத்துல போடு" என்று தலையில் குட்டுவாள்.

ஒருநாள் காலையில் ஒளித்துவைத்த ரேடியோ ஏதும் உண்டா என்று தேடிக்கொண்டு ஒரு ஜப்பானியச் சிப்பாய் வந்தான். கூடவே மொழிபெயர்க்க ஒரு தமிழ் இளைஞர். ரேடியோ கிடைக்கவில்லை. ஆனால் அடுப்பங்கரைச் சுவரைப் பார்த்ததும் சிப்பாய் நின்றுவிட்டான். எழுத்தே இல்லாமல் வரிசை வரிசையாய்ப் புள்ளிகளும் கொக்கிகளும். ரகசியச் செய்தி என்று நினைத்திருக்க வேண்டும்; அப்பாவின் சட்டையைப் பிடித்துச் சுவரருகே இழுத்தான்.

"என்னா இது?" என்று இளைஞர் அக்காவைக் கேட்டார். அக்கா அப்பாவைப் பார்த்தாள். எனக்கோ விடை தெரிந்த பெருமை.

"கமா!" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "கோலமா? அப்படிச் சொல்லு பாப்பா."

"இல்லண்ணே, கமா..."

"கோலந்தான், கோலந்தான்" என்று என் பேச்சின் மேல் சத்தமாகப் பேசி, சிப்பாயிடம் திரும்பி ஜப்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். காற்றில் புள்ளி வைத்து, அதைச் சுற்றி விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

போட்டுக் காட்டச் சொன்னான் சிப்பாய். அரிசிமாவுக்கு எங்கே போவது? அம்மா அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொடுத்தாள். கோலம் என்றாலே ஓடி ஒளிகிற அக்கா அன்று வாசலில் குனிந்து, ஒரு கோணல் தாமரையைப் போட்டு முடித்தாள். சிப்பாய் தலையை ஆட்டினான். போகும்போது எங்கள் பெட்டைக்கோழியைப் பிடித்துக்கொண்டு போனான்.

அப்பா சுவரைக் கழுவினார். யாரையும் திட்டவில்லை.

சில வாரம் கழித்து அந்த இளைஞரைச் சந்தையில் பார்த்தோம். "அண்ணே! நல்லா இருக்கீங்களா?" என்று, அவருக்குக் கேட்க வேண்டுமே என்பதற்காகத் தொண்டை கிழியக் கத்தினேன். அவர் காதருகே கையைக் குவித்துச் சிரித்தார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"காது கேக்காதவருக்கு எப்படிக்கா இந்த வேல குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"சும்மா வா லா" என்றாள். திரும்பித் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவருடைய காதை நினைத்து இரக்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.