கிணற்றுக்குள் இறங்கிய காந்தம்

முருங்கைக்கீரையைக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றில் இரும்பு உப்பைச் சேர்த்துக் கறுப்புப் பொடி செய்வதுதான் என் பிஎச்டி. சாயத் தண்ணீரில் பொடியைப் போட்டுக் குலுக்கினால் சாயம் பொடியில் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால் பொடி ஓரமாக ஒதுங்கிவிடும். லேபில் நாங்களே சாயத்தைக் கரைப்போம், நாங்களே எடுப்போம். கேட்டால் ஆராய்ச்சி. எரிச்சலாக வரும்.

பென்னலூரில் என் வாடகை அறைக்குக் கீழே வீட்டுக்கார அக்கா மெஸ் நடத்தினார். இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் போகும் பையன்கள் சாப்பிட வருவார்கள். பின்தெருவில் நூலுக்குச் சாயம் போடும் கொட்டகை வந்தபின் அக்காவின் கிணறு சிவந்தது. சமையலுக்குக் கேன் தண்ணீர் வாங்கினார். தட்டு கழுவ கிணறுதான். கறை படிந்த தட்டைப் பார்த்துப் பாதிப் பேர் வேறு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அதைவிட்டால் வேறு பிழைப்பு கிடையாது.

ஒருநாள் அந்தத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துச் செய்து காட்டினேன். தண்ணீர் தெளிந்தது. அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கிணற்றுக்கு மூட்டை மூட்டையாகப் பொடி வேண்டும், ஊறி வரும் சாயம் நிற்காது என்று சொன்னேன். தலையை ஆட்டினார், காதில் வாங்கவில்லை. மறுநாள் மெஸ்ஸுக்குப் பின்னாலிருந்த முருங்கை மொட்டையாக நின்றது. என் அறை வாசலில் ஒரு சாக்குக் கீரை கிடந்தது. எனக்கு வேண்டியது ஒரு பிடி. மிச்சம் பழுத்து நாறியது.

அடுத்த வாரம் லேபிலிருந்து வந்தபோது அக்கா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். பழைய ஸ்பீக்கரில் இருந்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். துருதான் வந்தது.

"உன் கைக்கு வந்துச்சே கண்ணு, எனக்கு ஏன் வரமாட்டேங்குது? கலர் அப்டியே கீது."

பொடி இல்லாமல் காந்தம் சாயத்தைத் தொடாது என்றேன். அவர் பொடி கேட்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு என் படிப்பின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அன்று பாட்டிலில் தண்ணீர் தெளிந்ததைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதைப் பார்த்து என் பிஎச்டி கைடு சந்தோஷப்பட்டார். நிஜக் கழிவுநீரிலும் பொடி வேலை செய்கிறது என்று ஆய்வேட்டில் அதைப் போடச் சொன்னார், போட்டேன். அச்சுக்குக் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தேன். மெஸ்ஸின் ஷட்டர் இறங்கியிருந்தது. தட்டுகளைக் கவிழ்த்து வெளியே அடுக்கியிருந்தார்கள், எடைக்குப் போட.