பலகையை யாரும் பிடிக்கக் கூடாது

மரக்காணத்துக்கு எல்லாரும் உப்பளம் பார்க்கப் போவார்கள். நான் போனது காய் நறுக்கும் பலகையோடு. 2006 மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் ரஹ்மத்துக்கு அன்று கீழ்புத்துப்பட்டில் ஒரு தங்கும் விடுதியில் சோதனைச் சமையல். தேறினால் சமையல் வேலை. பத்துப் பேருக்குச் சாதம், பரங்கிக்காய்க் குழம்பு, வெங்காயப் பச்சடி. பன்னிரண்டரைக்குள் முடிக்க வேண்டும்.

ரஹ்மத்துக்கு இடது கை தோளோடு இல்லை. பேருந்து ஜன்னலுக்கு வெளியே கை வைத்திருந்தபோது எதிரே வந்த லாரி உரசிவிட்டது. அதற்கு முன் கல்யாண வீடுகளுக்கு பிரியாணி போட்டவள். அதற்குப் பிறகு வீட்டில் அவளை அடுப்படிக்குள் விடுவதே இல்லை. பாசம்தான், ஆனால் அந்தப் பாசத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது.

சென்னையில் எங்கள் பட்டறையில் நான், கடைசல் வேலை செய்யும் குமார், ரஹ்மத் மூவரும் சேர்ந்து ஆறு மாதமாக ஒற்றைக் கையால் புழங்கும் சமையல் சாமான்கள் செய்துவந்தோம். நான் வரைவேன், குமார் செய்வார், ரஹ்மத் வாரம் ஒருமுறை ஊரிலிருந்து வந்து நறுக்கிப் பார்த்து "இது ஆவாது" என்று தள்ளுவாள். ஏழெட்டு பலகைகள் விறகான பிறகு தேறியது இது. காயைக் குத்தி நிறுத்த மூன்று எவர்சில்வர் ஆணி, நழுவாமல் தடுக்க விளிம்பு, அடியில் ரப்பர் கால்.

கோயம்பேட்டில் காலை ஆறரைக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகும் பேருந்தைப் பிடித்தோம். மரக்காணம் மூன்று மணி நேரம். முன் சீட்டில் ஒரு மனிதர் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி வந்தார். இரண்டு முறை நயமாகச் சொன்னேன். மூன்றாம் முறை கத்தினேன். குமார் என்னைத் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

மரக்காணத்தில் ரஹ்மத் ஆட்டோவோடு காத்திருந்தாள். ஊரைத் தாண்டியதும் ஒரு உப்பு லாரி சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. அச்சு முறிந்திருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். முக்கால் மணி நேரம் போனது.

"டென்ஷன் ஆவாதீங்கம்மா. அது நகந்தாதான நாம நகர முடியும்" என்றார் ஆட்டோக்காரர்.

"அண்ணே, பதினோரு மணிக்கு அடுப்பு பத்த வைக்கணும்ணே. உப்பளத்து வழியா உட்டா போவாதா?" என்றாள் ரஹ்மத்.

"பாத்திக் கரை மேல போற ரோடும்மா. குலுக்கி எடுத்துடும். பரவால்லியா?"

"குலுக்கட்டும், போங்க."

இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. அழகு என்று பிறகு தோன்றியது. அப்போது கடிகாரத்தைத்தான் பார்த்தேன்.

பதினொன்று அடிக்க விடுதி சேர்ந்தோம். விடுதிக்கார அம்மா எங்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நீங்க வெளியவே இருங்க. தெனமும் கூட வரப் போறீங்களா?"

நியாயம்தான். சமையலறை ஜன்னலருகே நின்றுகொண்டோம்.

வெங்காயம் ஒழுங்காக முடிந்தது. பரங்கிக்காய் கெட்டி. ரஹ்மத் கத்தியை அழுத்தியதும் பலகை வழவழப்பான கிரானைட் மேடையில் ஒரு விரற்கடை நழுவியது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நழுவியது. பலகை மேடை விளிம்புக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். என் கை ஜன்னல் கம்பிக்குள் நீண்டிருந்தது, உள்ளங்கை கீழ்நோக்கி. பக்கத்தில் குமாரின் கையும் அப்படியே. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு மாதமாக, அவள் அழுத்தி நறுக்கிய ஒவ்வொரு தடவையும் எங்களில் ஒருவர் அந்தப் பலகையின் மூலையைப் பிடித்திருக்கிறோம். யாரும் கேட்கவில்லை, கை தானாகப் போயிருக்கிறது. ஒற்றைக் கைக்கான பலகையை இரண்டு கையால் சோதித்திருக்கிறோம்! பட்டறைத் தவறுக்கு அவள் வேலை போகப் போகிறது.

ரஹ்மத் கத்தியை வைத்துவிட்டு எங்கள் கைகளைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். "வராதீங்கக்கா" என்றாள், குரலை உயர்த்தாமல்.

சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஐந்து கிலோ கல்லுப்புப் பை ஒன்று இருந்தது. அதைக் காலால் மேடை வரை தள்ளி வந்தாள். கழுத்தைப் பிடித்துத் தூக்கி, நாங்கள் வழக்கமாகப் பிடிக்கும் அதே மூலையில் தொப்பென்று வைத்தாள். கத்தியை அழுத்தினாள். பரங்கிக்காய் இரண்டாகப் பிளந்தது, பலகை அசையவில்லை.

முடிக்கும்போது மணி பன்னிரண்டு நாற்பது. விடுதிக்கார அம்மா குழம்பை உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். பிறகு இன்னொரு கரண்டி விட்டுக்கொண்டார். "பத்து நிமிஷம் லேட்டு. நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் வந்துடு" என்றார்.

போகிறவர்களுக்கு: உப்பளத்தைக் காலையிலேயே பாருங்கள், நிழல் கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். பேருந்தில் கையை உள்ளே வையுங்கள். பலகை செய்ய நினைப்பவர்கள் மூலையில் ஒரு உப்புப் பை உட்காரும் தட்டு வையுங்கள். எங்கள் புதுப் பலகையில் அது உண்டு. சோதிக்கும்போது கூட இருப்பவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது மரக்காணத்தில் ஆட்டோ நின்றது. ரஹ்மத் தோளில் பை, கையில் பலகை. இறங்கும்போது அவள் பையை வாங்க என் கை நீண்டது. பாதியில் இழுத்துக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், தானே இறங்கி நடந்தாள்.