பெருமாள் கேட்ட அவசரம்

வகுப்பு முடிந்ததும் பகவதிப்பெருமாள் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து வைத்துவிட்டுத்தான் போவான். டஸ்டரால் அழித்தால் சாக்பீஸ் பொடி பறக்கும், எனக்கு இழுப்பு வந்துவிடும். நான் அவனிடம் சொன்னதில்லை. என் இருமலைக் கேட்டு அவனாகவே செய்தான். செய்கிறவன் அவன்தான் என்று தெரியவே எனக்கு வெகுநாள் ஆயிற்று.

திருவனந்தபுரத்தில் நான் பெருக்கித் துடைத்த அந்தச் சட்டக் கல்லூரியின் பெயர் வேண்டாம். தொண்ணூற்றெட்டில், ஐந்து வருஷப் படிப்புக்கு அவன் வந்து சேர்ந்தான். ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறவரின் மகன். வீட்டில் தமிழ். வகுப்பில் முன்பெஞ்சு. சார் கேள்வியை முடிக்கும் முன்பே கை மேலே போய்விடும்.

"சாரே, எனிக்கொரு அவசரம்!"

நான் அப்போதுதான் நாகர்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்திருந்தேன், மலையாளம் அரைகுறை. வராந்தாவில் இதைக் கேட்டுக் கேட்டு, பிள்ளைக்கு ஏதோ நீர்க்கடுப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனையில் அவனுக்காக ஜெபம்கூடப் பண்ணினேன். ஒருநாள் அவனை நிறுத்தி, எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"மக்களே, கக்கூஸ் கதவைப் பூட்டாம வச்சிருக்கேன். கூச்சப்படாம போ."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஐயோ ரத்னாபாயக்கா! மலையாளத்துல அவசரம்னா வாய்ப்பு. பதில் சொல்ல ஒரு வாய்ப்பு தாங்கன்னு கேக்கேன். நம்ம அவசரம் இல்ல."

வகுப்புக்கு அது தினப்படி விளையாட்டு. அவன் எழுந்தாலே பின்பெஞ்சில் சுதீஷ் டெஸ்கைத் தட்டுவான். எல்லோரும் சேர்ந்து தட்டி, "அவசரம் வந்நே!" என்று கத்துவார்கள். பாவம், பதில் சொல்லத் தங்களுக்கு ஒரு கேள்விகூட மிஞ்சவில்லை என்ற எரிச்சல் இருந்திருக்கும். சாரும் சிலநாள் சிரித்துக்கொண்டே அவனை உட்காரச் சொல்வார்: "இரிக்கெடோ பெருமாளே, வேறெ ஆளுகளும் உண்டல்லோ."

மூன்றாம் வருஷம் ஒரு மழைநாள். வராந்தாவில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உள்ளே பெருமாளின் பதறிய குரல்.

"சார்! அவசரம்! அவசரம்!"

டெஸ்குகள் முழங்கின. "வந்நே! அவசரம் வந்நே!"

என் கை நின்றுவிட்டது. அவன் இன்று வாய்ப்புக் கேட்கவில்லை. அது நம்ம அவசரம். ஜன்னல் வழியே பார்த்தேன். சாரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மேஜையைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருந்தார். வகுப்பின் கண்ணெல்லாம் பெருமாள் மேல். சாரின் முகத்தைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

டெஸ்கைத் தாண்டிக் குதித்து அவரைத் தாங்கினான். அப்போதும் தட்டினார்கள், கர்த்தரே! ஒரு மனிதர் உயிருக்குப் போராடுகிறார், படித்த பிள்ளைகள் தாளம் போடுகிறார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அதன் பிறகுதான் சத்தம் பெஞ்சு பெஞ்சாக அடங்கியது. சுதீஷ் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. பிறகு மழையில் ஆட்டோ பிடிக்க ஓடியவனும் அந்த சுதீஷ்தான்.

சார் பிழைத்தார். சில மாதம் கழித்துக் குழறும் பேச்சோடு திரும்பி வந்து, முதல் கேள்வியைக் கேட்டார். எல்லோரும் பெருமாளைப் பார்த்தார்கள். "பறயெடா பெருமாளே," என்று பதில் சொல்லச் சொல்லி சுதீஷே கெஞ்சினான். பெருமாள் தலை நிமிரவில்லை. அதற்குப் பின் அவன் கை எழுந்து நான் பார்க்கவே இல்லை.

படிப்பு முடிந்து சென்னைக்குப் புறப்படும் முன் சொல்லிக்கொள்ள வந்தான். மனம் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"பதில் தெரிஞ்சும் வாயடச்சு இருந்தியே மக்களே. நாளைக்குக் கோர்ட்டுல எப்படிப் பேசுவ?"

"பேசுவேன்க்கா. ஆனா அந்த ஒரு வார்த்தைய மட்டும் தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ச்சுப்புட்டேன். சாருக்கு வேணும்ங்கிறப்ப அது செல்லாமப் போச்சு. இனிமே யாரு உயிருக்காவது வேணும்னாத்தான் அதச் சொல்லுவேன்."