நனைத்த பட்டை

“மூச்ச நல்லா இழுத்து விடுங்க சார்,” என்றபடியே வின்சென்ட் வயிற்றுப் பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்.

“எங்க இழுக்கறது அங்கிள்? கட்டிப் போட்ட மாதிரி இருக்கு.”

“கட்டித்தான் போடணும். ஆடக் கூடாது. அப்படியே கொஞ்சம் நடந்து காட்டுங்க.”

நரேஷ் நீச்சல் குளத்தின் ஓரமாக நடந்தான். எலெக்ட்ரானிக் சிட்டியில் நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியில் வளைந்து கிடக்கிற முதுகு, காற்று நிரப்பிய சிலிண்டர் ஏறியதும் நிமிர்ந்திருந்தது. வின்சென்ட் பின்னாலிருந்து, சிலிண்டரைத் தாங்கும் ஜாக்கெட்டைப் பிடித்து உலுக்கினார். சிலிண்டர் அசையவில்லை.

“போங்க. கல்லு மாதிரி நிக்குது.”

நரேஷ் இறங்கினான். வீணா அவனுக்கு முன்னால் நீந்திப் போனாள். சிறிது நேரத்தில் இருவரும் மேலே வந்தார்கள். பட்டையிலிருந்து நழுவிய சிலிண்டர் நரேஷின் இடுப்புக்குக் கீழே வால் போலத் தொங்கியது. அவன் பிடரியைத் தேய்த்துக்கொண்டே, “நழுவறதுக்கு முன்னாடி தலையில வேற இடிச்சுது,” என்றான்.

வீணா அவனை அனுப்பிவிட்டு வந்தாள். பிரேசர் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தை வாடகைக்கு எடுத்து, கடலுக்கடியில் நீந்தப் போகிறவர்களை முதலில் இங்கே பழக்கிவிடுவது அவள் தொழில். வின்சென்ட்டை விட இருபது வயது இளையவள்.

“முதல் நாளே சொன்னேன்ல அங்கிள், சிலிண்டர் பட்டைய நனைச்சுட்டுக் கட்டுங்கன்னு?”

“நனைச்சா மக்கிப் போயிரும்மா.”

“நைலான் எங்க அங்கிள் மக்கும்? காஞ்சிருக்கறப்ப இறுக்கினா, தண்ணில போனதும் தளர்ந்துரும். நீங்க என்னடான்னா வெயில்ல காயப் போட்டு வச்சிருக்கீங்க.”

அவர் குளத்துக்கு அப்பால் பார்த்தார். கம்பி வேலியில் வரிசையாகப் பட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் கைதான் அவற்றைப் போட்டிருந்தது.

“இந்த மாசத்துல மூணாவது ஆள்,” என்றாள் வீணா. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது. “சாயங்காலம் நீங்களே போட்டுக்கிட்டு இறங்குங்க. ஒருதரம் உள்ள இருந்து பாக்காதவங்க அடுத்தவங்களுக்கு மாட்டிவிட முடியாது. இறங்கினா வேலை உங்களுது. இல்லன்னா வேற ஆளத்தான் பாக்கணும், கோச்சுக்காதீங்க.”

“எனக்கு நீச்சல் தெரியாதும்மா.”

“தெரியும். நெஞ்சளவு தண்ணிதான். நான் பக்கத்துல இருப்பேன்.”

அவருடைய ஊரான கோலார் தங்கவயலில் ஆறு கிடையாது. வின்சென்ட் பார்த்த தண்ணீரெல்லாம் சுரங்கத்தின் அடியில் தேங்கியது, இறைத்துக் கொட்டவேண்டியது. அங்கே மீட்புப் படையில் பதினெட்டு வருடம் இருந்தார். கீழே நெருப்போ புகையோ என்றால் முதுகில் ஆக்சிஜனைக் கட்டிக்கொண்டு இறங்குகிற ஆட்களில் ஒருவர். தூசியைத் துடை, வெயிலில் உலர்த்து, ஈரமான பட்டையைத் தொடாதே. அங்கே முதல் பாடம் இதுதான்; அந்தப் பட்டைகள் தோல், நனைந்தால் மக்கி அறுந்துவிடும். ஒருமுறை ஈரப் பட்டையோடு நின்றவனை மேஸ்திரி படை முன்னால் நிறுத்தி, “உன் பொண்டாட்டிக்கு வெள்ளப் பொடவ வாங்கிட்டியாடா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு வின்சென்ட்டின் கை எந்த வாரையும் நனைக்கத் துணிந்ததில்லை. சுரங்கத்தை மூடி இரண்டு வருடம் ஆகியும் கை அப்படியே இருந்தது.

காலையில் தங்கவயலிலிருந்து வருகிற ரயிலில் ஓஸ்வால்ட் சொன்னது நினைவுக்கு வந்தது. அதே படையில் இருந்தவன். இப்போது ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி.

“இன்னா மச்சான், இன்னும் அந்தத் தண்ணித் தொட்டியிலயே கெடக்கிறியா? எங்க சூப்பர்வைசர்கிட்ட உன் யூனிஃபார்ம் சட்ட சைஸ் சொல்லி வச்சிருக்கேன். நிழல்ல நிக்கிற வேல. கேட்டத் தொறந்து மூடணும், அவ்ளோதான்.”

“சிலிண்டர் வேலடா இது.”

“சிலிண்டர் வேலைன்னா கேஸ் ஏஜென்சிக்குப் போ. நல்லா ஃபுல்ல போட்டுக் காலிய வாங்குவியே, மாடிப்படி ஏறி!”

பெட்டியே சிரித்தது. வின்சென்ட்டும் சிரித்தார். ஆனால் கேட்டைத் திறந்து மூடுவதற்கு மனசு ஒப்பவில்லை. சிலிண்டரின் வால்வைத் திறக்கும்போது வருகிற சீறல் காதில் விழும்போதுதான் அவருக்குத் தான் யார் என்பது விளங்கியது. வேறு எங்கே அந்தச் சத்தம் கிடைக்கும்?

சாயங்காலம் குளம் காலியாகிவிட்டது. வின்சென்ட் தனக்குத் தானே கட்டிக்கொண்டார். வழக்கம்போலத்தான்: சிலிண்டரைத் தூக்கி ஜாக்கெட்டில் உயர வைத்து, காய்ந்த பட்டையை முழங்கால் கொடுத்து இறுக்கி. வீணா தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்து பார்த்தார். சரியாக இருந்தது. பாரம் தோளில் ஏறி உட்கார்ந்தது.

படியில் இறங்கி நெஞ்சளவு தண்ணீரில் மண்டியிட்டார். தலை மூழ்கியது. மூச்சு அவருக்குப் புதிதல்ல. காற்றுக் குழாயின் ரப்பரைப் பல்லால் கடித்து, நிதானமாக இழுத்து, நிதானமாக விட்டார். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு வீணா கையால் காட்டினாள்: குப்புறப் படுங்கள், முன்னால் பாருங்கள்.

படுத்தார். தலையை நிமிர்த்தினார். மண்டையின் பின்புறம் வால்வில் ணங்கென்று இடித்தது. கண்ணுக்குக் கீழே நீல ஓடு மட்டும் தெரிந்தது. சுரங்கத்தில் தவழ்கிறவன் கீழேதான் பார்ப்பான். கூரை எப்போதும் தலைக்கு மேல் ஒரு முழத்தில் இருக்கும். இங்கே முன்னால் பார்க்க வேண்டும், முடியவில்லை. மறுபடி நிமிர்த்தினார், மறுபடி இடித்தது. அதற்குள் சிலிண்டர் ஒரு பக்கமாகச் சரிந்து, அவரையும் சேர்த்துப் புரட்டியது. கால் தரையைத் தேடியது. எழுந்து நின்று இருமினார்.

“எனக்கு இது ஒத்து வராதும்மா,” என்றார். “பயம் வந்திடுச்சு.”

“பயமா?” வீணா முகமூடியை நெற்றிக்கு ஏற்றினாள். “ஸ்வல்ப, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க அங்கிள். பயம் முதல்ல வந்துச்சா, இடிச்சது முதல்ல வந்துச்சா?”

வின்சென்ட் பிடரியைத் தடவினார். அங்கே வீங்கியிருந்தது. காலையில் நரேஷ் தேய்த்துக்கொண்ட அதே இடம்.

“இடிச்சதுதான்.”

“அப்ப அது பயம் இல்ல. ஃபிட்டிங்.”

அவர் ஜாக்கெட்டைக் கழற்றிப் படியில் சாய்த்து வைத்தார். பட்டைக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். முழங்கால் கொடுத்து இறுக்கிய பட்டை. இப்போது இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று. யாரோ வந்து அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. யாரும் வரவில்லை, தண்ணீர்தான்.

பக்கிளைத் திறந்தார். பட்டை முழுவதையும் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தார். கை கொஞ்சம் கூசியது. அந்த மேஸ்திரியின் குரல் கேட்கும் என்று காத்திருந்தார். கேட்கவில்லை. சொட்டச் சொட்ட எடுத்து இறுக்கப் போனார்.

“சிலிண்டரக் கீழ இறக்குங்க. தலைக்கு வழி விடுங்க,” என்றாள் வீணா.

“எவ்ளோ?”

“நீங்களே பாருங்க. உங்க தலைதானே?”

ஜாக்கெட்டில் முதுகை ஒட்டிக் கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்து, நான்கு விரல் இறக்கி இறுக்கினார். ஜாக்கெட்டை மாட்டி, வயிற்றுப் பட்டையையும் மூச்சு விட இடம் வைத்துக் கட்டினார். எழுந்து நின்றதும் பாரம் முதுகின் கீழே இழுத்தது. நடக்கத் தோதாக இல்லை. தரையில் நடப்பதற்காக இல்லையே இது என்று அப்போதுதான் உறைத்தது. நரேஷையும் மற்ற இரண்டு பேரையும் அவர் தரையில் நடக்கவிட்டுத்தான் சரிபார்த்திருந்தார்.

மறுபடி மூழ்கினார். படுத்தார். தண்ணீர் பாரத்தை வாங்கிக்கொண்டது. தலையை நிமிர்த்தினார், எதுவும் தடுக்கவில்லை. குளத்தின் மறுகோடி வரை தெரிந்தது. ஏணியின் கம்பிகள், யாரோ விட்டுப்போன ஒரு ரப்பர் செருப்பு. வெளிச்சம் மேலேயிருந்து இறங்கித் தரையில் நெளிந்தது. பதினெட்டு வருடம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனவருக்கு, இறங்கிய இடத்தில் வெளிச்சம் தானாக இருந்தது வேடிக்கையாகப் பட்டது. வீணா கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கிக் காட்டினாள்: சரியா? அவரும் வளையம் காட்டினார். பிறகு சுவரைப் பிடிக்காமல், செருப்பு கிடந்த இடம் வரை போனார்.

மேலே வந்ததும் வீணா கேட்டாள்: “என்ன அங்கிள்?”

“காலைல அந்தத் தம்பிக்கு நல்லா வலிச்சிருக்கும்,” என்றார் வின்சென்ட்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவி அன்னம்மாள் தனியாக மாதா கோயிலுக்குப் போனாள். வின்சென்ட் முதல் ரயிலைப் பிடித்தார். வண்டியில் ஓஸ்வால்ட் இருந்தான். அந்த செக்யூரிட்டி சட்டையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். ஓஸ்வால்ட், “முங்கிட்டியா?” என்றான். “முங்கினேன்,” என்றார். ஈஸ்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தார். வேலியிலிருந்த பட்டைகளை எடுத்து ஒரு பக்கெட் தண்ணீரில் போட்டார். பயிற்சிக்கு ஆறு பேர் வந்தார்கள். நரேஷும் வந்தான். யாரையும் நடந்து காட்டச் சொல்லவில்லை. தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார். ஒரு பெண்ணுக்கு ஜாக்கெட்டே பெரிதாக இருந்தது, மாற்றவேண்டி வந்தது. சிலிண்டர் எதுவும் நழுவவில்லை. மதியம் மழை தூறியது. எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டுவிட்டு ஐந்து மணி வண்டிக்குப் போனார்.