இல்லாத வருத்தத்துக்குக் கேட்ட ஜெபம்

என் மகன் ஜெரோமுக்கு வயிற்றில் எந்த வருத்தமும், எந்த நோயும், இருக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் உபவாச ஜெபம் நடந்தபோது இந்தச் சபையில் நீங்கள் எல்லோரும் அவனுடைய வயிற்றுக்காக ஜெபித்தீர்கள். சிலர் காலைச் சாப்பாட்டை விட்டீர்கள். நானும் முன் வரிசையில் நின்று சத்தமாக ஆமென் சொன்னேன். நீங்கள் பசியோடு இருந்தது என் பொய்க்காக. இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நான் வெள்ளவத்தையில் இருப்பதாகச் சொன்னதும் பொய். பாஸ்டர் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட அந்த ஃபிளாட் என் பெரியம்மா மகள் ரஞ்சியுடையது. கார் திரும்பும்வரை கேட்டடியில் நின்று கை காட்டுவேன். பிறகு காலி வீதி என்கிற மெயின் ரோட்டுக்கு நடந்து போய் பஸ் பிடிப்பேன். என் வீடு கொட்டாஞ்சேனையில், ஒரு தோட்டத்துக்குள். அந்தத் தோட்டத்தில் ஒரு பூமரமும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய பாதை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர் பைப். கொழும்பில் இருக்கிற உங்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

நான் பொய்யோடு பிறந்தவள் இல்லை. ஜெரோமுக்குப் பத்து வயதாக இருக்கும்போது என் கணவர் நெஞ்சு வலித்து இறந்தார். ஒரு சாறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு நாள் கடையில் சாறி ஒன்றைக் காணவில்லை. வேலை செய்கிற பெண்கள் எல்லோருடைய பைகளும் ஒரே அலுமாரிக்குள் இருந்தன. என் பையை மட்டும்தான் திறந்தார்கள். என் வீடு எங்கே என்று அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். சாறி பிறகு வேறு தட்டில் கிடந்தது. ஒருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த கடையில் வேலை கேட்டபோது வெள்ளவத்தை என்று சொன்னேன். அங்கே என்னை "மிஸ்" என்று கூப்பிட்டார்கள்.

எனக்கு அது பிடித்துப் போனது. மகனுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

"ஆராவது வீடு எங்க எண்டு கேட்டா வெள்ளவத்தை எண்டு சொல்லணும். ரஞ்சி அன்டிட அட்ரஸ்தான் எங்கட அட்ரஸ். சரியா?"

"ஏன் அம்மா? எங்கட வீட்டில என்ன பிழை?"

"சொன்னதைச் செய்" என்று தோளில் ஒரு அடி வைத்தேன். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவனைக்கூட வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. அடக்கமான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டேன். என்ன மடைச்சி நான்!

ஏ லெவல் முடித்ததும் ஒரு மருந்துக் கம்பனியில் ஸ்டோர்ஸ் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சேர்ட் நான்தான் அயன் பண்ணிக் கொடுத்தேன். கேள்விகளுக்கெல்லாம் நன்றாகப் பதில் சொல்லியிருக்கிறான். கடைசியில் மனேஜர் விலாசத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "அட, நானும் அந்த ஒழுங்கைதான் தம்பி. எந்தப் பக்கத்து வீடு?" என்று கேட்டிருக்கிறார். இவன் ஃபிளாட் என்றான். எத்தனையாம் மாடி, கீழ் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அவர் பாவம், ஊர்க்கதைதான் கதைத்திருக்கிறார். இவன் ஏதோ ஒரு பெயரைச் சொன்னான், அப்படி ஒருவர் அங்கே இல்லை. உண்மை வெளியே வந்ததும் அவர் முகம் மாறியது. வீட்டு விலாசத்திலேயே பொய் சொல்கிற பிள்ளையிடம் மருந்து அறைப் பூட்டின் திறப்பை எப்படிக் கொடுப்பது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவன் வந்து சேர்ட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். "தோட்டம் எண்டு சொல்லியிருந்தாக்கூட அந்த மனுசன் வேலை தந்திருப்பார் போல அம்மா. பொய்க்குத்தான் தரேல்லை" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரஞ்சி வீட்டின் கீழ் மாடியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு வைத்திருக்க வேண்டாமா என்று அவனைத்தான் ஏசினேன்.

அதற்குப் பிறகுதான் அவன் தோட்டத்து வாசலில் நிற்கத் தொடங்கினான். அங்கே ஒருவன் இருந்தான். சின்னவன் பெரியவன் எல்லோரும் அவனைச் சிங்களத்தில் "அய்யே", அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் என்ன தொழில் செய்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. அவன் என் மகனின் தோளில் கை போட்டு எல்லோர் முன்னாலும், "இவன் எங்கட தோட்டத்துப் பொடியன். இவனில ஆரும் கை வைக்கேலாது" என்று சொன்னானாம். பிள்ளைகள் ஏன் இப்படிப்பட்டவர்களோடு சேருகிறார்கள் என்று போன மாதம் நாங்கள் இங்கே கதைத்தோம். சினிமா என்றார்கள், போதைப்பொருள் என்றார்கள், தகப்பன் இல்லாத குறை என்றார்கள். அதெல்லாம் இருக்கலாம். என் மகனைப் பொறுத்தவரை, அவன் பிறந்த இடத்தின் பெயரை வெட்கப்படாமல் அவனிடம் சொன்ன முதல் ஆள் அந்த அய்யே. பெற்றவள் நான் அதைச் சொல்லவில்லை.

முதலில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்தான். பிறகு புதுப் போன், பிறகு பைக். பைப்படியில் நான் வாளியோடு போனால் பெண்கள் விலகினார்கள். "நீங்க முதல்ல பிடிங்க அக்கா" என்றார்கள். பயத்தில்தான் விலகுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே முதல் ஆளாகத் தண்ணீர் பிடித்தேன். வாளி நிறையும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. இந்த ஒன்றைச் சொல்ல வேண்டாம் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு நாள் அவன் அப்பா கட்டிய பழைய சாரத்தை எடுக்க அலுமாரியைத் திறந்தேன். சாரம் பாரமாக இருந்தது. விரித்தால் உள்ளே துப்பாக்கி. கட்டிலில் இருந்துவிட்டேன். அவனிடம் கேட்டபோது, "சனிக்கிழமை ஒரு வேலை இருக்கு. அதோட முடிஞ்சிடும். நீங்க ஒண்டும் கதைக்க வேணாம்" என்றான்.

அந்த வாரம்தான் சபையில் அந்த உபவாச ஜெபம். யாருக்கு என்ன தேவை என்று பாஸ்டர் கேட்டார். என் மகன் ஆளைக் கொல்லப் போகிறான், அல்லது சாகப் போகிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். எழும்பி நின்றேன். "மகனுக்கு வயித்தில வருத்தம்" என்று வந்தது வாயில். மகனை ஏன் சபைக்குக் கூட்டி வருவதில்லை என்று கேட்டவர்களுக்கும் அந்த மாதம் முழுவதும் இதே வருத்தத்தைத்தான் சொல்லி வந்தேன். இன்னும் சுகமாகவில்லையா என்று எல்லோரும் கவலைப்பட்டீர்கள். ஞானம் அக்கா கண்ணைத் துடைத்தா. ஞானம் அக்காவின் ஜெபம் உங்களுக்குத் தெரியும். தொடங்கினால் நாங்கள் ஒரு கண்ணால் மணிக்கூட்டைப் பார்ப்போம். அன்றைக்கு அவனுடைய குடல், ஈரல் ஒன்றும் விடாமல் அக்கா ஜெபித்தா.

சனிக்கிழமை பின்னேரம் அவன் வெளிக்கிட்டான். கதவை மறித்தேன். காலைப் பிடித்தேன். மெதுவாக என் கையை விலக்கிவிட்டுப் போனான். தோட்டத்து வாசலுக்கு ஓட்டோ வருமாம், அங்கே நின்று ஏற வேண்டுமாம். நான் நிலத்தில் முழந்தாளிட்டேன். முதலில் வந்த ஜெபம் எது தெரியுமா? "ஆண்டவரே, அவன் பிடிபடாமல் பார்த்துக்கொள்ளும்." யாரைச் சுடப் போகிறானோ அவனைப் பற்றி எனக்கு நினைவே வரவில்லை. பிறகு அழுகை வந்தது. "யாரையாவது அனுப்பும் ஆண்டவரே. யாராக இருந்தாலும் சரி. இப்பவே அனுப்பும்" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே குரல் கேட்டது. இந்த உலகத்தில் யார் என் வீட்டு வாசலுக்கு வரவே கூடாது என்று நினைத்திருந்தேனோ, அந்த ஆளின் குரல்.

"மெல்லமாப் பிடி தம்பி, எனக்கு முழங்கால் ஏலாது."

ஞானம் அக்கா. ஒரு கையில் கஞ்சிக் கரியர். மற்றக் கையை என் மகன் பிடித்திருந்தான். அக்கா ரஞ்சியின் ஃபிளாட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறா. நோயாளிப் பிள்ளைக்குக் கஞ்சி கொண்டு வந்தவவிடம் ரஞ்சியால் பொய் சொல்ல முடியவில்லை. விசாரித்து விசாரித்துத் தோட்டத்து வாசலுக்கு வந்து, அங்கே நின்ற பொடியனிடமே கேட்டிருக்கிறா. "தம்பி, ஸ்டெல்லாவின்ர வீடு எது? அவவின்ர மகனுக்குக் கன நாளா வயித்து வருத்தம். நாங்கள் எல்லாரும் ஜெபிக்கிறம்."

அவன், "நான்தான் அந்த மகன்" என்று சொன்னானாம்.

"ஐயோ ராசா, வருத்தத்தோட ஏன் வெயிலில நிக்கிறாய்? வா உள்ள" என்று அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டா. அந்த வாசலில் அவனைக் கண்டு விலகித்தான் எல்லோருக்கும் பழக்கம்.

உள்ளே வந்ததும் அவனைக் கட்டிலில் இருத்தி, கஞ்சியை ஊற்றிக் கொடுத்தா. இடுப்பில் துப்பாக்கியோடு என் பிள்ளை கஞ்சி குடித்தான். பிறகு அக்கா அவன் வயிற்றில் கை வைத்தா. எனக்கு உயிர் போய் வந்தது. இரண்டு விரல் தள்ளி வைத்திருந்தால் அது கையில் பட்டிருக்கும். அக்கா கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்கினா. வெளியே ஓட்டோ ஹோர்ன் அடித்தது. அவன் பொக்கெட்டில் போன் அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. அக்கா நிறுத்தவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஜெபம் முடியக்கூடாது என்று நான் ஜெபித்தது அன்றைக்குத்தான். கண்ணைத் திறந்து பார்த்தேன். ஜெரோமின் கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழும்பவில்லை. ஓட்டோ போகிற சத்தம் கேட்டது.

இங்கே நான் அல்லேலூயா சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை. அந்த ஓட்டோவில் என் மகனின் இடத்தில் பக்கத்து வீட்டுச் சரோஜாவின் மகன் கண்ணன் ஏறிப் போனான். பேலியகொடைப் பக்கம் அவர்களுக்காக எதிர்க் கும்பல் ஆட்கள் காத்திருந்திருக்கிறார்கள். கண்ணனின் உடலைத்தான் கொண்டு வந்தார்கள். சரோஜாவும் தன் சாமி படத்துக்கு முன்னால் தினமும் விளக்கு வைத்துக் கும்பிடுகிறவள். என் பிள்ளை தப்பி, அவள் பிள்ளை ஏன் போனான் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பதில் வரவில்லை. வந்ததாக உங்களிடம் நடிக்கவும் மாட்டேன்.

செத்த வீட்டில் இருந்து வந்து ஜெரோம் என்னிடம் ஒன்றுதான் கேட்டான். "எனக்காக எத்தனை பேர் ஜெபிச்சவங்க அம்மா?" சபை முழுவதும் என்றேன். "வயிறு எண்டு நினைச்சா?" என்றான். ஓம் என்றேன். அவன் சிரித்தான், பிறகு விம்மி விம்மி அழுதான். அடுத்த நாள் அவனே ஞானம் அக்காவுக்குப் போன் எடுத்தான். அக்கா பாஸ்டரைக் கூட்டி வந்தா. வக்கீல் ஒருவரோடு பொலிசுக்குப் போய், துப்பாக்கியைக் கொடுத்து, தெரிந்த எல்லாவற்றையும் சொன்னான். ரிமாண்டில் இருந்தான். அய்யேயும் உள்ளே போனான். இப்போது ஜெரோம் பிணையில் வந்து, பாதுகாப்புக்காகத் தெஹிவளையில் நம் சபைக் குடும்பம் ஒன்றோடு இருக்கிறான். வழக்கு இன்னும் முடியவில்லை. ஞாயிறு காலையில் பொலிசில் கையெழுத்து வைத்துவிட்டு வருவதால்தான் ஆராதனைக்குப் பிந்தி வருகிறான். பின் வரிசையில் தலை குனிந்து இருக்கிற அந்தப் பிள்ளை என் மகன். ஒரு பேக்கரியில் வேலை செய்கிறான். வேலை கேட்கப் போனபோது எந்த இடம் என்று முதலாளி கேட்டாராம். "கொட்டாஞ்சேனை, தோட்டத்துக்குள்ள" என்று சொன்னானாம். அவர் தலையாட்டிவிட்டு, எத்தனை மணிக்கு எழும்புவாய் என்றுதான் அடுத்ததாகக் கேட்டாராம்.

ஞானம் அக்கா பாஸ்டரைத் தவிர இவ்வளவு நாளும் ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை போகும்போது என்னிடம் மட்டும் சொன்னா. "உன்ர வீட்டைக் கேட்ட இடமெல்லாம் சனத்துக்கு உன்னைத் தெரிஞ்சிருக்கு பிள்ளை. எங்களுக்குத்தான் தெரியேல்லை." ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

இப்போது பைப்படியில் சரோஜாவுக்குப் பின்னால்தான் என் வாளி. அவள் என்னோடு இன்னும் கதைப்பதில்லை. காத்திருக்கிறேன்.

உங்களில் யாருடைய வீட்டிலாவது அலுமாரிக்குள் இப்படி ஒன்று இருந்தால், வேறு வருத்தத்தின் பெயர் சொல்லி ஜெபம் கேட்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். பொய்யாகக் கேட்ட என்னையே ஆண்டவர் கைவிடவில்லை, உண்மையாகக் கேட்கிற உங்களை விடுவாரா?

வருகிற வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் எங்கள் வீட்டில் வையுங்கள் பாஸ்டர். கதிரை மூன்றுதான் இருக்கிறது, மற்றவர்களுக்குப் பாய் போடுகிறேன். சரோஜாவின் வீடு பக்கத்துச் சுவர், அவளுக்காகவும் மெதுவாக ஜெபிப்போம். தோட்டத்து வாசலில் நிற்கிற பொடியன்களைக் கண்டு பயப்படாதீர்கள். அவர்களிடமே ஸ்டெல்லாவின் வீடு எது என்று கேளுங்கள். கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள்.