கடலோரப் பாதையில் நடையண்ணன்

கூட வருகிறவர்களில் யாராவது மூச்சு வாங்கிப் பின்தங்கினால், நடையண்ணன் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவார்.

"மன்னிச்சுக்குங்க, எனக்குத்தான் கால் வலி. கொஞ்சம் இருந்துட்டுப் போவோம்."

ஒருமுறை வயதான ஒருவர், "வழிகாட்ட வந்தவரே இப்படி நொண்டினா எப்படி" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சைத் தடவிக்கொண்டார். கோப்பைக் கூடையோடு பின்னால் நின்ற தங்கைக்கு மட்டும் தெரியும், அண்ணனின் முழங்காலில் ஒரு கோளாறும் இல்லையென்று.

கடலோரச் செங்குத்துப் பாறைகளின் மேல் திராட்சைத் தோட்டங்கள். தோட்டத்துக்கு ஒரு கல்சுவர். சுவருக்கும் பாறை விளிம்புக்கும் நடுவே ஒற்றையடிப் பாதை. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அதில் கூட்டிப்போவதுதான் அவர் பிழைப்பு. பாதி வழியில் ஒரு கல்மேடை உண்டு. அங்கே எல்லோருக்கும் ஒயின் ஊற்றிக் கொடுப்பது தங்கையின் வேலை. இருவருக்கும் சம்பளம் கொடுப்பவர் ஒயின் கிடங்கின் முதலாளி. மனைவி கண்ணை மூடிய பிறகு, நடையண்ணன் தங்கை வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார்.

பேச ஆரம்பித்தால் கடலே காது கொடுக்கும்.

"அப்பல்லாம் துறைமுகம் ஏது? ஒயின் பீப்பாயை இந்தச் சரிவுல உருட்டிக் கடல்ல விட்டுருவாங்க. படகுல வந்து கயிறு போட்டு இழுத்துட்டுப் போவாங்க. நடுவுல ஒண்ணு உடைஞ்சா, அன்னைக்கு மீனெல்லாம் தள்ளாடிக்கிட்டேதான் வீட்டுக்குப் போகும்."

சிரிப்பு அடங்கியதும் சுவரைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்துவார். "இதைக் கட்டினவங்க கைதிங்க. கல்லோட சேர்ந்து கீழ விழுந்தவங்களை யாரும் போய் எடுக்கலையாம். அவங்களுக்காக மனசுல ஒரு வார்த்தை வேண்டிக்கிட்டு நடங்க."

அவர் சுவரைத் தடவுவது பாசத்தினால் என்றுதான் தங்கையும் நினைத்திருந்தாள்.

ஒரு நாள் கல்மேடையில் நின்று கோலை நீட்டினார். "அதோ பாருங்க, பாறை நுனியில ஒத்தை மரம். எந்தக் காத்துக்கும் அசையாது."

முந்தின நாள் காற்றில் அந்த மரம் வேரோடு கடலுக்குள் போயிருந்தது. எல்லோரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். "ரெண்டு கோப்பை உள்ள போனாத்தான் தெரியுமோ?" என்றார் ஒருவர். கூட்டம் சிரித்தது. விஷயம் புரியாமல் நடையண்ணனும் சேர்ந்து சிரித்தார். தங்கை ஊற்றிய ஒயின் கோப்பை நிரம்பி அவள் கையில் வழிந்தது.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். "அண்ணே, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதா?"

"எனக்கென்ன? நீ போட்ட சோத்துல முடி கிடக்கிறதுகூடத் தெரியுது."

"மச்சான், என்னைப் பாக்காதீங்க" என்று அவள் புருஷன் தன் வழுக்கைத் தலையைத் தட்டிக் காட்டினான். "என் தலையில முடியைப் பாத்து வருஷமாச்சு."

அவளும் சிரித்துவிட்டாள். கேள்வி அந்தச் சிரிப்போடு போயிற்று. ஆனால் தண்ணீர்ச் செம்பை எடுக்க அவர் புறங்கையால் தடவித் தேடியதை அவள் பார்த்தாள். படுக்கப் போகும்முன் ஆண்டவனிடம் அழுதாள். வேலையை விட்டால் அண்ணன் உயிரோடு இருந்தும் பிணம். விடாவிட்டால் பிறத்தியார் உயிருக்கு யார் பொறுப்பு?

பிறகு அடைமழை. நடை கொஞ்ச நாள் நின்றது. மழையில் பாதையின் ஒரு துண்டு இடிந்து கடலில் விழுந்தது. தோட்டத்து ஆட்கள் பாதையை மறித்துச் சுவரிலிருந்து ஒரு கயிறு கட்டி, அதில் சிவப்புத் துணியைத் தொங்கவிட்டார்கள். அதை நடையண்ணனிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் இருக்கிற எவருக்கும் தெரிகிற கயிறுதானே. மழையில் அந்தப் பக்கம் போகாத தங்கைக்கும் அது தெரியாது.

வெயில் வந்ததும் கூட்டமும் வந்தது. அவர் சுவரில் கை வைத்தபடி பழங்கதை சொல்லிக்கொண்டு முன்னால் போனார். கயிறு அவர் முழங்காலில் இடித்தது. திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது என்று எண்ணினாரோ என்னவோ, காலைத் தூக்கித் தாண்டினார். வழிகாட்டுகிறவரே தாண்டுகிறாரே என்று, பின்னால் கைக்குழந்தையோடு வந்தவரும் காலைத் தூக்கினார்.

"அண்ணே, நில்லு."

அவர் நின்றார். காலடியிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் முகம் குரல் வந்த பக்கமாகத் திரும்பிச் சிரித்தது. "என்னம்மா, கோப்பை உடைஞ்சு போச்சா?"

"ஆமாண்ணே, எல்லாம் உடைஞ்சு போச்சு. ஒரு அடி எடுத்து வைக்காத. மத்தவங்க திரும்பிடுங்க." கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். என்ன நடந்ததென்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலத்துக்குள் கிடங்குக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் நல்ல மனிதர், கத்தவில்லை. மறுநாள் நடைக்கு வேறு ஆள் வந்தான். நடையண்ணன் கோலைப் பின்னறை மூலையில் சாத்திவிட்டு, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். தங்கை சோறு போட்டால் சாப்பிட்டார். பேசினால் பதில் இல்லை. அவள் புருஷன் வழக்கமான கிண்டலை ஆரம்பித்துப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டான்.

கடைசியில் பெரியம்மா மகன் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பினான். அவன் வீடு உள்நாட்டில், அலைச் சத்தம் எட்டாத ஊரில். அங்கே போய் ஒரு வருஷம்கூட நடையண்ணன் உயிரோடு இருக்கவில்லை. செய்தி தாமதமாக வந்ததால் தங்கைக்கு முகம் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை.

ஆகவே, அவர் கிளம்பிய அன்று பஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று பார்த்ததுதான் கடைசி. அவள் சோற்றுப் பொட்டலத்தை நீட்டினாள். அவர் தடவி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பஸ் உறுமிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நீ சொன்னதுல தப்பில்ல. அந்தக் குழந்தை பொழைச்சுது. ஆனா ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் உன் அண்ணன்தானே. சரி, போ, மாப்பிள்ளை பசியோட வருவான்."