சாமையில் காய்ச்சிய விஸ்கி

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், சின்ன அளவில் விஸ்கி காய்ச்சும் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கண்ணமங்கலம். வேதியியல் படித்த பெண் ஏதோ ஒரு கம்பெனி லேபில் இருக்கிறாள் என்பதோடு சொந்தக்காரர்கள் விசாரணையை முடித்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும்.

"நீ குடிக்கிறியா?" என்று ஒருமுறை கேட்டார்.

"மோந்து பாக்கிறதுதாம்மா என் வேல" என்றேன். நம்பினாரா என்று தெரியாது.

நாங்கள் காய்ச்சுவது பார்லியில். அது வடக்கிலிருந்து வருகிறது. ஜவ்வாது மலைச் சாமையை முளைகட்டிக் காய்ச்சினால் எப்படி இருக்கும் என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. எனக்கும் பதில் தெரியவில்லை. அந்த வாரமே மலைக்குக் கிளம்பினேன்.

நெல்லிவாசல் பக்கம் ஒரு அக்காவின் வீட்டில் சாமை கிடைத்தது. உமி நீக்கினால் முளைக்காது என்பதால் உமியோடு கேட்டேன்.

"வெதைக்கா?"

"இல்லக்கா, விஸ்கி காய்ச்சறதுக்கு."

அவர் மூட்டையைக் கட்டுவதை நிறுத்தினார். "எங்க ஆளுங்க காய்ச்சுனா போலீசு வந்து பானைய ஒடைக்கும். உங்களுத ஒடைக்க மாட்டாங்களா?"

"எங்களுக்கு லைசென்ஸ் கீதுக்கா."

"அப்ப நான் வந்து பாக்கணும்."

அவ்வளவு தூரம் எதற்கு என்றார் அவர் கணவர். "நம்ம சாமையே போவுது, நான் போவக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து பிக்கப் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஆலையில் அவர் தொட்டுப் பார்க்காத பொருள் இல்லை. பீப்பாய்கள் இருக்கும் கொட்டகைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். நல்ல வெயில் நேரம். நான் ஒரு பீப்பாயைத் திறந்து குச்சியை விட்டு அளவு காட்டினேன்.

"நெறப்பி வெச்சதுன்னு சொன்னீங்க. யாரு குடிச்சது?"

"வெயில்தாங்க்கா. மரத்து வழியா ஆவியா போய்டும். குளிரான நாட்டுல இவ்ளோ போவாது. ஆனா இந்தச் சூட்டுலதான் சீக்கிரமா பக்குவமும் வருது."

அவர் குனிந்து பீப்பாயின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினார். ஈரமில்லை. "அதான் உள்ள வந்ததும் தல கிர்ருன்னுச்சா" என்றார். பிறகு, "எங்க மலைக்குக் கொண்டாந்து வெச்சிப் பாருங்களேன்" என்றார். கூட நின்ற முதலாளி சிரித்தார். சாயங்காலம் போனில் மலையின் வெப்பநிலையைத் தேடிக்கொண்டிருந்தார்.

சாமை எங்களைப் பாடாய்ப் படுத்தியது. பாதி முளைத்தது, பாதி முளைக்கவில்லை. வெந்நீரில் கலக்கியதும் கூழாகிக் குழாயை அடைத்துக்கொண்டது. கடைசியில் பார்லியும் சேர்த்துக் காய்ச்சினோம். கிடைத்தது ஒரே ஒரு சின்னப் பீப்பாய்.

அடுத்த அறுவடை முடிந்து அந்த அக்கா மறுபடியும் மூட்டைகளோடு வந்தார். அவர் முன்னால்தான் அந்தப் பீப்பாயைத் திறந்தோம். ஒரு கிளாசில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன். மூக்கருகே கொண்டுபோனவர், எடுத்தார், திரும்பவும் கொண்டுபோனார்.

"பலாப்பழம்" என்றார். "சாமைய வாங்கினு போயி பலாப்பழமா ஆக்கிகிறீங்க."

நானும் மோந்தேன். காய்ச்சி இறக்கிய நாளிலிருந்தே அந்த வாசனைக்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருந்தேன். பலாச்சுளையேதான். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த அக்கா முகத்தைச் சுளித்துத் துப்பினார். "வாசன ஒண்ணு, ருசி ஒண்ணு. எதுக்கு இப்பிடி ஆவுது?"

புளிக்க வைக்கும்போது ஈஸ்ட்தான் பழ வாசனையை உண்டாக்குகிறது என்று விளக்கினேன். அவர் விடவில்லை.

"அப்ப பார்லிலயும் பலா வரணுமே?"

"வர்லக்கா. அதே ஈஸ்ட்தான். ஏன்னு எனக்குத் தெரில."

அவர் தன் மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். மேட்டு நிலத்துச் சாமையும் ஓடையோரத்துச் சாமையும் சோறாக்கினால் ஒரே மாதிரி இருக்காது என்றும், கொண்டுவந்த மூட்டைகளில் இரண்டும் இருப்பதாகவும் சொன்னார். பிரித்துக் காய்ச்சினால் தெரியுமா என்று கேட்டார். தெரியலாம் என்றேன். முதலாளி தலையாட்டினார்.

மூட்டைகளைப் பிரித்து, மேட்டுச் சாமையை ஒரு தொட்டியிலும் ஓடைச் சாமையை இன்னொன்றிலும் ஊறப் போட்டோம். மிதந்த பதரை அக்காவே கையால் அள்ளி வெளியே போட்டார்.